ஒழுகியது குளமா, கல் கட்டா? ஒரு தரைவீட்டுத் தோட்டக் குளத்தின் நிகழ்வு ஆய்வு

தோட்டக் குளங்களைச் சீரமைத்துப் பராமரிக்கும் தொழிலில் இருக்கிறேன். சிங்கப்பூரில் கல்லும் அருவியும் வைத்துக் குளம் கட்டிய பல வீடுகளில் ஒரே புகார்தான்: தண்ணீர் நிற்பதில்லை. உடனே எல்லாரும் குளத்தின் அடித்தளத்தைச் சந்தேகிப்பார்கள். இந்த வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் தெருவையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

தீவின் வடகிழக்கில் ஒரு வரிசைத் தரைவீடு. மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் குடும்பம். பெரியவருக்கு 78 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பின்பக்கத் தோட்டத்தில் தண்ணீர்ச் சத்தம் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். மகன் அதற்காகவே குளம் கட்ட ஏற்பாடு செய்தார். 2025 பொங்கலுக்குள் வேலை முடிந்தது.

குளம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், சராசரியாக 60 சென்டிமீட்டர் ஆழம். கணக்குப் போட்டால் சுமார் 3,600 லிட்டர். தரையைத் தோண்டி, தண்ணீர் கசியாத ரப்பர் விரிப்பான லைனரை விரித்து, ஓரங்களைக் கல்லால் மறைத்திருந்தார்கள். பின்னால் எல்லைச் சுவரை ஒட்டி, சிமெண்ட் பிளாக் அடுக்கி, அதன் முகத்தில் கலவை வைத்துப் பாறைக் கற்களைப் பதித்து ஓர் அருவி. 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழும். ஒரே பம்ப்தான்: குளத்துத் தண்ணீரை வடிகட்டிப் பெட்டி வழியாக இழுத்து அருவியின் உச்சிக்கு ஏற்றும். தண்ணீர் குறைந்தால் தானாக நிரப்ப, வீட்டுக் குழாயிலிருந்து ஒரு மிதவை வால்வும் உண்டு. கை அளவில் எட்டுக் கோய் மீன்கள்.

பார்க்க அழகான குளம் என்பதில் சந்தேகமே இல்லை. கற்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கியவருக்கு நல்ல கண் இருந்திருக்கிறது.

மார்ச் முதல் மே வரை

முதலில் வந்தது சத்தப் புகார். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் சீன மூதாட்டியின் படுக்கை அறை, எல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம். இரவில் தூங்க முடியவில்லை என்று அவர் தன்மையாகச் சொன்னார். இந்த வீட்டு அம்மாவுக்கும் அவருக்கும் முப்பது ஆண்டுப் பழக்கம். இருவரும் பேசிக்கொள்வது மலாயில்தான். பேச்சு வளரவில்லை. இரவு 9 மணிக்கு நின்று காலை 7 மணிக்கு ஓடும்படி பம்ப்பில் டைமர் வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு காலை வேளைகளில் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று செத்தது. ஏப்ரலில் இன்னொன்று. மே தொடக்கத்தில் மூன்றாவது.

தண்ணீர்க் கட்டணமும் ஏறியது. ஆனால் அதை யாரும் குளத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வீட்டுத் தண்ணீரின் விலை கன மீட்டருக்கு 3.24 வெள்ளியாக உயர்ந்தது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பில் கூடியதற்கு அதுதான் காரணம் என்று விட்டுவிட்டார்கள். அதே நேரத்தில் பிற்பகல் இடிமழையும் அடிக்கடி பெய்துகொண்டிருந்தது. மிதவை வால்வு பாதி நிரப்ப, மழை மீதியை நிரப்ப, குளம் எப்போதும் விளிம்புவரை நிறைந்தே நின்றது. தானாக நிரப்பும் வால்வு வசதியான சாதனம்தான். ஆனால் ஒழுகலை இதைப் போல மறைப்பது வேறொன்றும் இல்லை.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது பக்கத்து வீட்டுச் சுவர். அந்தப் பக்கம் அடியில் பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மூதாட்டி கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். மகன் குளத்தைக் கட்டியவரைக் கூப்பிட்டார். வந்து பார்த்தவர், லைனர் எங்கோ கிழிந்திருக்கும், குளத்தை இறைத்து அடியில் வாட்டர்புரூபிங் பூச வேண்டும், அருவிக் கல் மேலேயும் ஒரு பூச்சு அடித்துவிடலாம் என்றார். அந்தக் கட்டத்தில்தான் இரண்டாவது கருத்துக்காக என்னை அழைத்தார்கள்.

முதல் நாளில் செய்தது

ஒழுகலைத் தேடுவதற்கு முன்னால் மீன்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். குளிர்நாட்டில் 15 டிகிரித் தண்ணீரில் பத்து மில்லிகிராம் இருக்கும். கோய் குளம் பற்றிய பெரும்பாலான கையேடுகள் அந்தத் தண்ணீருக்காக எழுதப்பட்டவை. நம் ஊரில் அருவியை நிறுத்தினால் ஆக்சிஜன் சேரும் வழியே நின்றுபோகிறது. அதோடு, அருவியும் வடிகட்டியும் ஒரே பம்ப்பில் ஓடியதால், இரவு பத்து மணி நேரம் வடிகட்டியும் நின்றது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய பெட்டிக்குள் அவை திணறிச் சாகும். காலையில் பம்ப் ஓடியதும் அந்தக் கெட்ட தண்ணீர்தான் முதலில் குளத்துக்குள் வரும்.

அடுத்தது குழாய்த் தண்ணீர். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் தண்ணீரில் கிருமிநாசினியாக இருப்பது குளோரமின், அதாவது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த பொருள். பழைய நாளில் வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். குளோரமின் அப்படிப் போகாது. அதற்கான மருந்து போட்டால் குளோரின் பகுதி அடங்கும், ஆனால் அமோனியா மிஞ்சும். அந்த அமோனியாவை வடிகட்டிதான் சமாளிக்க வேண்டும். இந்தக் குளத்தில் வால்வு வழியாகத் தினமும் மருந்து போடாத தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வடிகட்டியோ பாதி நாள் தூங்கியது.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச்சை அளந்தேன்: 8.6. புதுச் சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு அதற்கு ஒரு காரணம். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் அமோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் கிட்டத்தட்டப் பத்து மடங்காகிறது. 8.6 என்றால் நிலைமை அதைவிட மோசம். மூன்று மீன் செத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. ஐந்து பிழைத்ததுதான் ஆச்சரியம்.

அன்றே மூன்று காரியம் செய்தோம். மிதவை வால்வை மூடினோம். இரவும் பகலும் ஓடும்படி ஒரு காற்று பம்ப்பை இறக்கினோம். வடிகட்டிக்குத் தனியாக ஒரு சிறிய பம்ப் வைத்து, டைமரை அருவிக்கு மட்டும் விட்டோம். நிரப்பும் தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து மருந்து போட்டு ஊற்றச் சொன்னேன்.

எங்கே போகிறது தண்ணீர்?

குளத்தை இறைத்து அடியைப் பார்க்கலாம் என்றுதான் வீட்டார் எதிர்பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். இறைத்த குளத்தில் ஒழுகலைப் பார்க்க முடியாது. தண்ணீர் இருக்கும்போதுதான் அது எங்கே போகிறது என்று கேட்க முடியும்.

வீட்டு அம்மா சொன்ன ஒரு வார்த்தை பெரிய உதவியாக இருந்தது. வால்வை மூடிய மறுநாள், துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர், நான் கல்லில் ஒட்டியிருந்த டேப் கோட்டைப் பார்த்திருக்கிறார். “ராத்திரியெல்லாம் கோடு அப்படியே இருக்குப்பா. பகல்லதான் இறங்குது” என்றார். லைனரில் ஓட்டை இருந்தால் அது இரவு பகல் பார்க்காது. பம்ப் ஓடும்போது மட்டும் தண்ணீர் குறைந்தால், பம்ப்பின் பாதையில்தான் கோளாறு. சத்தப் புகாருக்காக வைத்த டைமர் நமக்குப் பரிசோதனையையே நடத்திக் கொடுத்துவிட்டது.

இருந்தாலும் கண்பார்வைக் கணக்கை நம்பி ஒரு சுவரை உடைக்க முடியாது. முறையாக அளந்தோம். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, கழுத்தளவு மூழ்கும்படி குளத்துப் படியில் வைத்தோம். வெயிலில் ஆவியாகும் தண்ணீர் வாளியிலும் அதே அளவு குறையும். மழை பெய்தால் இரண்டிலும் அதே அளவு ஏறும். வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் மழை பெய்யும் ஊரில் இந்த வாளி இல்லாமல் எந்த அளவும் அர்த்தமாகாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பம்ப் ஓடும்போது கொஞ்சம் தண்ணீர் குழாயிலும் கல் மேலும் இருக்கும். நிறுத்தியதும் அது குளத்துக்குத் திரும்பி மட்டம் ஏறும். அதனால் எல்லா அளவையும் பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தே எடுத்தோம்.

அருவி ஓடிய பகலில் குளம் 34 மில்லிமீட்டர் இறங்கியது. வாளியில் 4. இரவில் குளம் 3, வாளி 1. இந்தக் குளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 6 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு 220 லிட்டருக்கு மேல் போகிறது, அதில் ஆவியாவது 30 லிட்டர்தான்.

அடுத்து, அருவியின் உச்சியில் குழாயைக் கழற்றி, ஒரு ஹோஸ் மாட்டி, தண்ணீரைக் கல் மேல் விடாமல் நேராகக் குளத்துக்கே திருப்பினோம். பம்ப் அதே வேகத்தில், அதே நேரம் ஓடியது. அன்று பகலில் குளம் 6 மில்லிமீட்டர்தான் இறங்கியது. பம்ப்பிலும் குழாயிலும் வடிகட்டியிலும் குற்றமில்லை என்று தெரிந்தது.

மிச்சம் இருந்தது கல் கட்டு. அதிலும் இரண்டு வழி உண்டு: தெறித்து வெளியே போவது, கல்லுக்குள் புகுந்து போவது. தண்ணீர் விழும் விளிம்பிலிருந்து குளம்வரை ஒரு பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு, தெறிக்காமல் வழிந்து இறங்கச் செய்தோம். இழப்பு 27-ஆகக் குறைந்தது. அதாவது தெறிப்பில் 7. மீதி 27-இல் ஆவியானது 4. ஹோஸ் வழியாக ஓடியபோதும் கூடுதலாகப் போன 2 மில்லிமீட்டர், லைனரின் ஓரத்தை ஏறிக் கடந்து குளத்தைத் தொட்டுக்கொண்டிருந்த புல்லால் வந்தது. புல்லும் மண்ணும் சேர்ந்து அந்தத் தண்ணீரை இரவும் பகலும் உறிஞ்சி வெளியே கடத்தின. மிஞ்சிய 21 மில்லிமீட்டர், ஏறத்தாழ 126 லிட்டர், தினமும் கல் கட்டுக்குள் புகுந்து காணாமல் போனது.

கடைசியாகச் சமையலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கரைத்து, விளிம்புக் கல்லின் இடதுபக்க இணைப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். முக்கால் மணி நேரத்துக்குள் எல்லைச் சுவரின் அடியில், பக்கத்து வீட்டு வடிகால் ஓரமாக, இளஞ்சிவப்பு ஈரம் தெரிந்தது. மூதாட்டியும் எங்களோடு குனிந்து பார்த்தார். அவர் வீட்டுச் சுவருக்கு விடை கிடைத்தது.

என்ன முடிவு, ஏன்?

முதலில் கட்டியவர் சொன்ன இரண்டு வேலைகளும் தேவையில்லை என்று சொன்னேன். குளத்தின் அடி சரியாக இருக்கிறது. அதைத் தொட்டால் நல்ல லைனரைக் கெடுப்போம். கல்லின் முகத்தில் பூச்சு அடிப்பது அதைவிட மோசம். ஓடும் தண்ணீரில், பாசி பிடிக்கும் கல்லில், வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கும் கலவை மேல் அந்தப் பூச்சு எத்தனை நாள் நிற்கும்? உரியத் தொடங்கியதும் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வரவும் வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் இன்னும் அதிகமாகத் தேங்கும்.

அருவியை எடுத்துவிட்டுக் குளத்தை மட்டும் வைத்துக்கொள்வது மலிவான வழி. மகன் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மாதான் சொன்னார்: “அவருக்குத் தோட்டம்னா அந்தச் சத்தம்தான் தம்பி. அது இல்லாட்டி அவர் பின்பக்கம் வரவே மாட்டார்.” அதற்குப் பிறகு எடுத்துவிடும் பேச்சு எழவில்லை.

ஆகவே அருவியை மட்டும் முழுக்கப் பிரித்து, பின்னால் லைனர் கொடுத்து, உயரத்தைக் குறைத்துத் திரும்பக் கட்டுவது என்று முடிவானது. பூச்சு வேலைக்குக் கேட்ட தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும் என்பதை மறைக்காமல் சொன்னேன். மகன் அளவுகள் எழுதிய தாளை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். அந்த எண்கள் இல்லாமல் நான் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிரித்தபோது கண்டவை

கல் கட்டை உடைத்தெடுக்கும் ஹேக்கிங் வேலையைப் பகல் நேரத்தில், மூதாட்டியிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினோம். கல்லை எடுத்ததும் விஷயம் விளங்கியது. குளத்து லைனர் அருவியின் அடிவாரத்தோடு முடிந்திருந்தது. அதற்கு மேல் வெறும் சிமெண்ட் பிளாக்கும் கலவையும்தான். கல்லுக்கும் கலவைக்கும் நடுவே மயிரிழை பிளவுகள் எப்போதும் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை. அந்தப் பிளவுகளில் நுழைந்த தண்ணீர் பிளாக்கின் குழிகளை நிரப்பி, சுவரின் அடிக்கு இறங்கியிருக்கிறது. பிளாக் குழிகளுக்குள் கையை விட்டால் முழங்கைவரை ஈரம்.

அதிகப்படித் தண்ணீர் வெளியேற வழியும் வைக்கவில்லை. விடியற்காலையில் சுமத்ரா காற்றோடு வரும் பெருமழையில் குளம் நிரம்பினால், இருப்பதிலேயே தாழ்ந்த விளிம்பு வழியாகத்தான் வழியும். அது எல்லைச் சுவர்ப் பக்கம்.

உச்சியில், செடி வைப்பதற்காக விட்ட ஒரு கல் குழியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அருவி ஓடினாலும் ஓடும் தண்ணீர் தொடாத குழி அது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம்தான் ஆகும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி பார்த்திருந்தால் 200 வெள்ளி அபராதம். பணத்தை விடுங்கள், வீட்டில் 78 வயதுக்காரரும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் தனியாக ஒரு மூதாட்டி. மீன் இருக்கும் குளத்தில் கொசுப்புழு வளராது. மீன் போக முடியாத குழியில்தான் வளரும். இதைப் பலர் யோசிப்பதில்லை.

பம்ப்பின் வயரைக் கல்லுக்குப் பின்னால் டேப் சுற்றி இணைத்திருந்தார்கள். அதை நாங்கள் தொடவில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரை வரவழைத்து, தண்ணீர் புகாத பெட்டியும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்ட பிறகே மறுவேலை தொடங்கியது.

திரும்பக் கட்டியது

கொத்தனார் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், இங்கே வேலை பார்த்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்லை எடுத்து அடுக்கும்போதே ஒவ்வொன்றின் மேலும் வினிகர் சொட்டு விட்டுப் பார்த்தார். சமையலறையிலிருந்து அம்மா கொடுத்த வினிகர்தான். வெள்ளைக் கற்கள் சில நுரைத்தன. அவை சுண்ணாம்புக் கல், தண்ணீரில் கரைந்து பிஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும். அவற்றைத் தண்ணீர் படாத நடைபாதை ஓரத்துக்கு மாற்றினோம். கருங்கல் நுரைக்காது. அதையே அருவிக்கு வைத்துக்கொண்டோம்.

புதிய அமைப்பில் எல்லைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் பின்சுவர் எழுப்பி, அதன் மேல் தடித்த துணி விரிப்பு, அதன் மேல் லைனர். ஓடு வேய்வது போல, மேலே இருக்கும் விரிப்பு கீழே இருக்கும் விரிப்பின் மேல் ஒரு சாண் படிந்து, குளத்துக்குள்ளேயே போய் முடியும்படி வைத்தோம். இப்போது கல்லுக்குப் பின்னால் போகும் தண்ணீரும் குளத்துக்குத்தான் திரும்ப வேண்டும். கல் வெறும் முகம்தான். தண்ணீரைத் தாங்குவது பின்னால் இருப்பது.

கல் வைப்பதற்கு முன், லைனர் மேல் மட்டும் மூன்று நாள் தண்ணீர் ஓடவிட்டு வாளியோடு ஒப்பிட்டோம். சுவருக்குப் பின்னால் உலர்ந்த அட்டையைச் செருகி வைத்தோம். அட்டை உலர்ந்தே இருந்தது. பிறகுதான் கல்.

பெரிய கற்கள் அடியில், நீளப் பக்கம் உள்நோக்கி, கொஞ்சம் பின்சாய்ந்து. இடைவெளிகளில் குளத்துக்கென்று விற்கும் கறுப்பு நுரை. அது அடியால் ஓடும் தண்ணீரை மேலே ஏற்றிவிடும். தேங்கும் குழி ஒன்றும் விடாமல் கலவையால் சரித்து அடைத்தோம். விளிம்புக் கல்லின் அடியில், முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி, கொத்தனார் கிரைண்டரால் ஒரு கீறல் போட்டார். தண்ணீர் கல்லின் அடியை ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடப் பார்க்கும். அந்தக் கீறலுக்கு வந்ததும் ஒட்ட முடியாமல் சொட்டிவிடும். ஜன்னல் மேல் சன்ஷேடில் போடும் கீறல்தான் இது. அருவிகளில் இதைப் போடுகிறவர்கள் குறைவு.

விழும் உயரத்தை 90-லிருந்து 35 சென்டிமீட்டராகக் குறைத்து, மீதி உயரத்தை இரண்டு படிகளில் வழிந்து இறங்கும்படி மாற்றினோம். சத்தம் மட்டுப்படும், தெறிப்பும் குறையும்.

விளிம்புக் கல்லைப் பொருத்திய நாளில் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீரைத் திறந்ததும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “தம்பி, வலது பக்கம் விழுகவே இல்லையே” என்றார். பார்வைக்கு முழு அகலத்துக்கும் விழுவது போலத்தான் இருந்தது. கொத்தனார் மட்டக் குழாயை எடுத்து, இரண்டு முனையிலும் தண்ணீர் மட்டத்தைப் பிடித்துப் பார்த்தார். வலது முனை 3 மில்லிமீட்டர் உயரம். அந்தப் பக்கம் தண்ணீர் படலமாகக் கல்லோடு வழிந்ததே தவிர விழவில்லை. “ஐயா சொன்னது சரிதாண்ணே” என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆப்பைத் தட்டிக் கல்லை இறக்கினார். அதற்குப் பிறகு எல்லாக் கற்களையும் பெரியவரைக் கேட்டுத்தான் கலவை வைத்து இறுக்கினார்.

வழிந்தோடும் குழாய் ஒன்றை, மீன் போகாதபடி வலை கட்டி, வீட்டு வடிகாலுக்கு இணைத்தோம். லைனர் ஓரத்தை மண்ணுக்கு மேல் நிமிர்த்தி, புல்லுக்கும் குளத்துக்கும் நடுவே கூழாங்கல் வரிசை போட்டோம். புதுக் கலவையிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு போக, அருவித் தண்ணீரைத் தனித் தொட்டியில் சுழற்றி, பிஎச் அடங்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தோம். இதற்கு வீட்டாரின் பொறுமை நிறையவே தேவைப்பட்டது.

பிறகு நடந்தது

அருவி பகல் முழுதும் ஓடிய பிறகு எடுத்த அளவில், ஒரு முழு நாளில் குளம் 7 மில்லிமீட்டர் இறங்கியது. வாளியில் 5. மீதி 2 மில்லிமீட்டரைத் தெறிப்பாகவும், கல் மேல் ஓடும்போது கூடுதலாக ஆவியாவதாகவும் எடுத்துக்கொண்டோம். பிஎச் 7.6-க்கு வந்து நின்றது.

ஐந்து கோய்களில் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றை, பெரிய குளம் வைத்திருக்கும் உறவினரிடம் கொடுத்துவிட்டார்கள். இது என் ஆலோசனை. கோய் இரண்டடிக்கு மேலும் வளரும் மீன். 3,600 லிட்டரில் எட்டு மீன் என்பது ஆரம்பத்திலேயே அதிகம். வைத்துக்கொண்ட இரண்டுக்கும்கூட ஒரு நாள் இந்த இடம் போதாமல் போகும். அதை மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

சத்த விஷயத்தில் முழுத் தீர்வு கிடைத்தது என்று சொல்ல முடியாது. மூதாட்டிக்கு இப்போது பகலில் அருவிச் சத்தம் ஒரு தொல்லையே இல்லை. ஆனால் இரவு 9 மணிக்கு நிறுத்துவதைத் தொடரலாம் என்று கேட்டுக்கொண்டார், தொடர்கிறார்கள். பெரியவருக்குப் பழைய சத்தம்தான் பிடித்திருந்தது. அது கனமாக இருந்தது, இது சலசலவென்று இருக்கிறது என்கிறார். இருந்தாலும் காலை 7 மணிக்கு அருவி ஓடத் தொடங்கும்போது பின்பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

பக்கத்து வீட்டுச் சுவரின் ஈரம் உலரச் சில வாரம் பிடித்தது. உப்பைச் சுரண்டிவிட்டு உடனே பெயிண்ட் அடிக்க வேண்டாம், வடகிழக்குப் பருவமழை முடியட்டும், டிசம்பர், ஜனவரி மழையில் திரும்ப உப்புப் பூக்கவில்லை என்றால் அடிக்கலாம் என்று சொன்னேன். அந்தச் செலவை இந்தக் குடும்பம் ஏற்றுக்கொண்டது.

இனி மாற வேண்டியவை

இதுபோலக் குளம் கட்டக் கொடுப்பவர்கள், கல் வைப்பதற்கு முன் லைனர் மேல் மூன்று நாள் தண்ணீர் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பணத்தின் ஒரு பகுதியை அந்தச் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். கல் ஏறிவிட்டால் அப்புறம் பார்க்க வழியில்லை, உடைத்துத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் எடுக்கும் புதிய வேலைகளில் இதைக் கட்டாயமாக்கிவிட்டோம்.

வடிகட்டியும் அருவியும் தனித்தனிப் பம்ப்பில் இருக்க வேண்டும். வரிசை வீடுகளில் ஒரு நாள் இல்லை ஒரு நாள் சத்தத்தைக் குறைக்க வேண்டி வரும். அப்போது அருவியை நிறுத்தினால் மீன் சாகக் கூடாது. அருவியின் உயரத்தை முடிவு செய்யும் முன் பக்கத்து வீட்டுப் படுக்கை அறை எந்தப் பக்கம் என்று போய்க் கேளுங்கள். எல்லைச் சுவர் மேல் சாய்த்துக் கட்டாதீர்கள். கையகல இடைவெளி இருந்தால் பின்னால் விளக்கடித்துப் பார்க்கலாம்.

மிதவை வால்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியூர் போகும் குடும்பத்துக்கு அது தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சிறிய தண்ணீர் மீட்டர் இருக்கட்டும், இடையில் குளோரமினை நீக்கும் வடிகட்டி இருக்கட்டும். இந்த வீட்டில் இரண்டையும் மாட்டியிருக்கிறோம். மாதம் ஒரு முறை மருமகள் மீட்டரைப் படித்து எழுதி வைக்கிறார். மாதத்துக்கு 2 கன மீட்டரைத் தாண்டினால் வாளியை எடுத்துக் குளத்துப் படியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு.